ஆண் சுண்டெலியை எப்போது விடுவது, எப்போது எடுப்பது: வீட்டில் சுண்டெலி இனப்பெருக்கம், முழு வழிகாட்டி

ஓர் ஆண் சுண்டெலி, ஒரு பெட்டை. இரண்டையும் இன்று ஒரே கூண்டில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21ஆம் நாள் 8 குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடும். ஆண் பக்கத்திலேயே இருப்பதால் 42ஆம் நாள் இன்னும் 8. 63ஆம் நாள் மூன்றாம் ஈற்று, மேலும் 8. அதற்குள் முதல் ஈற்றுக் குட்டிகளுக்கு ஆறு வாரம் முடிந்திருக்கும். அவற்றில் 4 பெட்டைகள் இருந்தால் நான்கும் சினையாகிவிடும். 84ஆம் நாள் தாய்க்கு 8, மகள்களுக்கு 32. கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டு வாரத்தில் 66 உயிர்கள்.

சுண்டெலி வளர்ப்பில் நான் கற்றதெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். அவற்றைப் பெருக வைக்க யாரும் மெனக்கெட வேண்டாம், தானாகப் பெருகும். ஆணை எந்த நாளில் உள்ளே விடுகிறோம், எந்த நாளில் வெளியே எடுக்கிறோம் என்பதே வளர்ப்பவரின் வேலை. திருச்சியில் என் வீட்டுப் பின்கட்டு அறையில் வெள்ளையும் கறுப்பும் புள்ளியுமாகச் சுண்டெலிகளைப் பல வருடங்களாக வளர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

பிறக்கப்போகும் குட்டிகள் யாரிடம் போகும்? இந்தக் கேள்விக்கு ஆட்களின் பெயரோடு பதில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். "யாராவது கேட்பார்கள்" என்பது பதிலாகாது. ஓர் ஈற்றில் 6 முதல் 12 குட்டிகள் வரும். அவற்றில் ஏறக்குறைய பாதி ஆண். பெட்டைகள் எத்தனை இருந்தாலும் இடம் போதுமானால் ஒற்றுமையாக இருக்கும். வளர்ந்த ஆண்களை ஒன்றாக விட்டால் வாலையும் பின்புறத்தையும் கடித்துக் குதறிக்கொள்ளும். காலையில் ஒன்று செத்துக் கிடப்பதும் உண்டு. ஆகவே யாரும் வாங்கிக்கொள்ளாத ஒவ்வோர் ஆணுக்கும் தனிக் கூண்டு நீங்கள்தான் தர வேண்டும். இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காததால்தான் பலர் மூன்றாம் மாதத்தில் திணறிப் போகிறார்கள்.

மிஞ்சியதைத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மனதில் எழவே கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளைச் சுண்டெலிக்குப் பார்வை மங்கல், பதுங்கத் தெரியாது. காக்கையோ பூனையோ அன்றைக்கே முடித்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஆசைக்கு வளர்ப்பது ஒன்று, விற்பது இன்னொன்று. செல்லப்பிராணி விற்பனைக்கு 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கு விலங்கு பெருக்கித் தருவது 1998ஆம் ஆண்டின் தனி விதிகளுக்கு உட்பட்டது. அதற்கும் பதிவு வேண்டும். வீட்டில் பெருகியதை அங்கே கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். காட்டுச் சுண்டெலிகளிடமிருந்து வளர்ப்புச் சுண்டெலிக்குத் தொற்றக்கூடிய ஒரு வைரஸ் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை: சுண்டெலியின் சிறுநீரில் உள்ள புரதம் ஒவ்வாமையைத் தூண்டும். இன்னொன்று, ஆண் சுண்டெலியின் நெடி. எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அது இருக்கும். ஒரே அறை உள்ள வீட்டில் தொடங்க வேண்டாம்.

எதை வாங்குவது

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. வெள்ளெலி என்பது நம் ஊர் வயல்வெளியில் வளை தோண்டி வாழும் வேறோர் எலியின் பெயர். ஹாம்ஸ்டரையும் சிலர் வெள்ளெலி என்றே எழுதுகிறார்கள். கடைக்காரர் வெள்ளெலி என்று நீட்டுவது வெள்ளைச் சுண்டெலியாகவும் இருக்கலாம், பெரிய எலி இனத்தின் வெள்ளைக் குட்டியாகவும் இருக்கலாம். பாதத்தையும் வாலையும் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாமல் பெரிய பாதமும் தடித்த வாலும் மழுங்கிய மூக்கும் இருந்தால் அது பெரிய எலியின் குட்டி; ஆறு மாதத்தில் கால் கிலோவுக்கு மேல் வளர்ந்து நிற்கும். சுண்டெலிக்குக் கூர்மையான முகம், முகத்துக்குப் பெரிய காது, மெல்லிய வால். முழுதாக வளர்ந்தாலும் 20 முதல் 40 கிராம்தான்.

தொடங்குவதற்கு ஓர் ஆண், இரண்டு பெட்டை போதும். பெட்டைகள் அக்காள் தங்கையாகவோ சேர்ந்து வளர்ந்தவையாகவோ இருப்பது நல்லது. ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும், கூட்டைச் சேர்ந்து காக்கும். ஆணை வேறு இடத்திலிருந்து வாங்குங்கள். ஒரே கடையின் ஒரே தொட்டியிலிருந்து மூன்றையும் எடுத்தால் பெரும்பாலும் உடன்பிறந்தவை கிடைக்கும். அதைவிட முக்கியமாக, ஆணும் பெண்ணும் கலந்து கிடந்த தொட்டியிலிருந்து எடுத்த பெட்டை ஏற்கெனவே சினையாகத்தான் வரும். என் முதல் பெட்டை வாங்கிய ஒன்பதாம் நாளே ஈன்றது. கூண்டு தயாராகவில்லை, ஆணுக்கு இடம் பார்க்கவில்லை, எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் குட்டிகளில் மூன்றுதான் பிழைத்தன.

வாங்கும்போது சுண்டெலியைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். மூச்சில் கிட்கிட்டென்று தட்டுவதுபோல் ஒலி வந்தால் அது சுவாச நோய்; வெளிப்பார்வைக்கு எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும் வேண்டாம். கண் பளபளப்பாக, ரோமம் உடம்போடு படிந்து, ஆசனவாய் உலர்ந்து இருக்க வேண்டும். கடிக்கிற குணமுள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். குணம் குட்டிகளுக்கும் இறங்கும்.

வயது 8 முதல் 12 வாரம் சரி. ஆறு வாரத்திலேயே சினையாகும் என்பதற்காக ஆறு வாரப் பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. அது இன்னும் தன் உடம்பையே வளர்த்துக்கொண்டிருக்கிறது.

கூண்டு, படுக்கை, எறும்பு

மூன்று சுண்டெலிக்கு நான்கு கூண்டு வேண்டும் என்றால் வியப்பாக இருக்கும். ஆணுக்கு ஒன்று, பெட்டைகளுக்கு ஒன்று, பால் மறந்த ஆண் குட்டிகளுக்கு ஒன்று, பெண் குட்டிகளுக்கு ஒன்று. முதல் நாளே நான்கும் இருக்கட்டும்.

கடையில் கிடைக்கும் கிளிக்கூண்டு உதவாது. மூன்று வாரக் குட்டி 1 செ.மீ. இடைவெளியில் நழுவிப்போகும், கம்பி இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருக்கவே கூடாது. நான் பயன்படுத்துவது துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. நீளம் 50 செ.மீ., அகலம் 35, உயரம் 30. மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, 6 மி.மீ. கண்ணுள்ள இரும்பு வலையைப் போல்ட் போட்டு இறுக்கினேன். பக்கவாட்டில் ஒன்றிலும் அப்படியே ஒரு சாளரம். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் சிறுநீரின் அமோனியா தேங்கி நுரையீரலைக் கெடுக்கும். வெட்டிய விளிம்பு பெட்டியின் உட்பக்கம் துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லுக்கு ஒரு பிடி கிடைத்தால் போதும், இரவோடு இரவாக வழி பண்ணிவிடும்.

படுக்கைக்கு நன்றாகச் சலித்து வெயிலில் காயவைத்த நெல் உமி போதும். 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள். மர இழைப்பகத்தின் தூளை எடுக்காதீர்கள். எந்த மரம் என்று தெரியாது. தேவதாரு, பைன் வகை மரங்களின் வாசனை எண்ணெய் சுண்டெலியின் ஈரலையும் மூச்சையும் பாதிக்கும். கூடு கட்ட மை இல்லாத வெள்ளைத் தாளை விரல் அகலத்தில் கிழித்துப் போடுங்கள். பஞ்சும் நூலும் கூடாது. குட்டியின் காலில் நூல் சுற்றி இறுகி, கால் கறுத்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளிந்துகொள்ள இடத்துக்குத் தேங்காய்ச் சிரட்டையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து, விளிம்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டுங்கள். ஒரு தாய் தன் ஈற்றோடு அடங்க அது கனக்கச்சிதம்; கடித்தாலும் கெடுதல் இல்லை, நைந்தால் எறிந்துவிட்டு இன்னொன்று வைக்கலாம்.

நம் ஊரில் குட்டிகளுக்கு முதல் எதிரி எறும்பு. பால் வாசம் கண்ட செவ்வெறும்பு ஒரே இரவில் ஓர் ஈற்றைத் தீர்த்துவிடும். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே வழிதான். கூண்டு மேசையின் நான்கு கால்களும் தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தில் நிற்கட்டும். மேசை சுவரைத் தொடக் கூடாது. தண்ணீரில் ஒரு துளி எண்ணெய் விட்டால் கொசு முட்டையிடாது. எறும்பு மருந்து, கொசுவர்த்தி, ரசகற்பூர உருண்டை எதையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது வெயில். சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் இதமானது. 30 வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சினை பிடிப்பது குறையும், பிடித்தாலும் ஈற்று சிறுக்கும். வியர்த்துக் குளிர்வதற்கு வழியில்லாத உயிர் அது. சூடு தாங்காதபோது எச்சிலை ரோமத்தில் பூசிக்கொண்டு, வயிறு தரையில் படியக் கைகால் பரப்பிக் கிடக்கும். அந்தக் கோலத்தைக் கண்டால் உடனே கூண்டைத் தரைக்கு இறக்குங்கள். உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். உள்ளே ஓர் உடைந்த ஓட்டுத் துண்டை நனைத்துப் போடுங்கள். மின்விசிறிக் காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. நான் பங்குனிக்குப் பிறகு ஆணை விடுவதே இல்லை. ஆடி பிறந்த பிறகுதான் மறுபடி.

மூன்று வாரம் பிரித்து வையுங்கள்

வாங்கி வந்த ஆணையும் பெட்டைகளையும் வேறு வேறு அறையில் மூன்று வாரம் வையுங்கள். பேன், உண்ணி, படர்தாமரை, சளி எல்லாம் இந்தக் காலத்தில் வெளியே வந்துவிடும். ஏற்கெனவே சினையாக வந்திருந்தால் அதுவும் இதற்குள் தெரிந்துவிடும். சினைக்காலம் 19 முதல் 21 நாள்தானே. மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். 30 கிராம் உடம்புக்கு ஒரு துளி கூடினாலும் உயிர் போகும். கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி வாங்குங்கள்.

இந்த மூன்று வாரத்தில் கைப்பழக்கம் ஏற்படுத்திவிடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது பழைய முறை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வாலால் தூக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதக் கையைக் கண்டாலே பதறுவதையும், குழாயில் ஏற்றியோ குவித்த உள்ளங்கையிலோ எடுக்கப்பட்டவை தாமாக நெருங்கி வருவதையும் காட்டியது. ஒரு கெட்டித் தாள் உருளையைக் கூண்டில் எப்போதும் போட்டு வையுங்கள். எடுக்க வேண்டும்போது அது தானே உள்ளே நுழையும், உருளையோடு தூக்கிவிடலாம். பதறாத தாய்தான் குட்டியைக் காப்பாள்.

தீனி

ஒரு சுண்டெலி நாளைக்கு 4, 5 கிராம் தின்னும், ஏறக்குறைய அதே அளவு மி.லி. தண்ணீர் குடிக்கும். ஆய்வக வில்லைத் தீனி கிடைத்தால் அதையே பாதியாக வையுங்கள். மீதிப் பாதிக்கு என் கலவை: கம்பு மூன்று பங்கு, ஓட்ஸ் மூன்று, உடைத்த கோதுமை இரண்டு, தினை ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று. மேலே நாலைந்து சூரியகாந்தி விதை. சினையும் பாலும் உள்ள பெட்டைக்குப் புரதம் கூட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டாணி அளவு வேகவைத்த முட்டை, மற்ற நாளில் முளைகட்டிய பச்சைப்பயறு. உப்போ மசாலாவோ பட்ட எதுவும் வேண்டாம். சாக்லேட், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

பால் கொடுக்கும் தாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும். தண்ணீர் அதைவிட அவசரம். ஒரு முறை பாட்டில் முனையில் தண்ணீரைத் துளித்துளியாக விடும் சிறு குண்டு சிக்கிக்கொண்டது. பாட்டில் நிறையத் தண்ணீர் தெரிந்ததால் நானும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை கூட்டில் ஏழு குட்டிகளில் இரண்டுதான் இருந்தன. தாகத்தில் தாயே தின்றுவிட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒவ்வொரு பாட்டில் முனையையும் விரலால் தொட்டு, துளி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு வேலை. ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில் மாட்டுகிறேன்.

ஆணை விடும் நாள்

பெட்டைகள் மட்டுமே கூட்டமாக இருக்கும்போது அவற்றின் பருவச் சுழற்சி மந்தமாகிவிடும். ஆணின் வாசம் பட்டதும் அது மறுபடி ஓடத் தொடங்கும். வெஸ்லி விட்டன் என்ற ஆய்வாளர் 1950களில் இதை விவரித்தார். பெரும்பாலான பெட்டைகள் ஆணின் வாசம் கண்ட மூன்றாம் இரவில் இணைசேரும். நமக்கு இது கையில் கிடைத்த கருவி. இணைசேர்க்க நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஆணின் கூண்டிலிருந்து ஒரு பிடி அழுக்கு உமியை எடுத்துப் பெட்டைகளின் கூண்டில் போடுங்கள். இரண்டு பெட்டைகளும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஈனும். ஒரு கூண்டில் ஒரு வாரம் மூத்த குட்டிகளும் அன்றே பிறந்தவையும் சேர்ந்தால், பெரியவை முட்டி மோதிப் பாலைக் குடித்துவிடும், சிறியவை சாகும். அதைத் தவிர்க்கும் வழி இது.

மூன்றாம் நாள் மாலை பெட்டைகளை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெட்டைகளின் கூண்டில் விட்டால் அவை தங்கள் இடத்தைக் காக்க அதை விரட்டும். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். துரத்தலும் கீச்சிடலும் இயல்பு. ரத்தம் கண்டால் பிரியுங்கள்.

இணைசேர்ந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு. மறுநாள் காலை பெட்டையின் பிறப்புறுப்பில் மெழுகுபோல் வெளுத்த அடைப்பு தெரியும், பகலில் உதிர்ந்துவிடும். தென்பட்டால் அந்தத் தேதியை எழுதிவையுங்கள். தென்படாவிட்டாலும் கவலை வேண்டாம்.

இணைசேர்ந்த முதல் சில நாட்களில் வேறோர் ஆணைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அறிமுகமில்லாத ஆணின் வாசத்தாலேயே கரு தங்காமல் போகும் என்பதை ஹில்டா புரூஸ் 1959இல் கண்டறிந்தார். இரண்டு ஆண்களை வைத்திருப்பவர்கள் சினை பிடிக்கவில்லையே என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் காரணம் பல நேரம் இதுதான்.

ஆணை எடுக்கும் நாள் இன்னும் முக்கியம். பதினான்காம் நாள் வாக்கில் பெட்டையை மேலிருந்து பார்த்தால் இடுப்பின் இரு பக்கமும் பை வைத்ததுபோல் புடைத்திருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்தால் 25 கிராம் இருந்தது 35ஐத் தாண்டியிருக்கும். அன்றே பெட்டைகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். ஆண் நல்ல தகப்பன்தான். குட்டிகளோடு படுத்துக்கூடச் சூடு கொடுக்கும். ஆனாலும் ஈன்ற அன்றிரவே தாயைச் சினையாக்கிவிடும். பாலும் கொடுத்துக்கொண்டு வயிற்றிலும் சுமக்கிற தாய் இரண்டே ஈற்றில் எலும்பும் தோலுமாகிவிடுகிறாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஈற்று

ஈனுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கூண்டைச் சுத்தம் செய்துவிட்டு, அதன்பின் ஒரு வாரம் தொடாதீர்கள். தாள் கீற்றை மட்டும் தாராளமாகப் போடுங்கள். பெட்டை அதை மெல்லிய இழையாகக் கிழித்துக் கிண்ணம்போல் சுற்றிக் கட்டும். தீபாவளி வாரத்தில் ஈற்று விழாதபடி முன்பே நாள் பாருங்கள். வெடிச் சத்தத்தில் முதல் ஈற்றுத் தாய் குட்டியைத் தின்றுவிடுவது நடக்கிறது.

பெரும்பாலும் இரவில் அல்லது விடியற்காலையில் ஈனும். காலையில் அறைக் கதவைத் திறக்கும்போதே மெல்லிய கீச்சொலி கேட்டால் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தாய் தானாக வெளியே வந்து தின்னும் நேரம் பார்த்து, உமியில் கையை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, சிரட்டையை ஒரு பக்கம் மட்டும் தூக்கி எட்டிப் பாருங்கள். செக்கச்செவேலென்று, கண் மூடி, காது மண்டையோடு ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்றே கூட. தோல் கண்ணாடிபோல் இருப்பதால் குடித்த பால் வயிற்றின் இடப்புறம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். எல்லாக் குட்டியிலும் அந்தப் பொட்டு இருந்தால் தாய் பால் கொடுக்கிறாள், மூடிவிட்டுப் போங்கள். செத்த குட்டி இருந்தால் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

முதல் ஈற்றில் குட்டிகளை இழப்பது யாருக்கும் நேரும். தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். சத்தம், தண்ணீர்க் குறைவு, புரதக் குறைவு, அடிக்கடி எட்டிப் பார்த்தல் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். இரண்டாம் ஈற்றிலும் தின்றால் அந்தப் பெட்டையை மறுபடி இணைசேர்க்காதீர்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் கறுப்புக் குட்டிகளின் தோல் கறுக்கத் தொடங்கும். வெள்ளை அப்படியே சிவந்திருக்கும். நான்காம் நாள் வாக்கில் காது மடல் விரியும். ஒரு வாரத்தில் வெல்வெட்போல் ரோமம். ஒன்பது பத்தாம் நாளில் பெண் குட்டிகளின் அடிவயிற்றில் முலைக்காம்புகள் சின்னஞ்சிறு புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். ஆணா பெண்ணா என்று பார்க்க இதைவிடத் தெளிவான நாள் வேறில்லை. மேலும் ரோமம் வளர்ந்தால் மறைந்துவிடும். 12 முதல் 14ஆம் நாளுக்குள் கண் திறக்கும். அதன்பின் ஓரிரு நாளில் பொரியைப்போல் துள்ளத் தொடங்கிவிடும். அந்த வாரம் மூடியைத் திறக்கும்போது ஒரு கை எப்போதும் வாய்ப்பகுதியில் இருக்கட்டும்.

பிரிக்கும் நாள்

மூன்று வாரத்தில் குட்டிகள் தாமாகத் தின்று குடிக்கும். மெலிந்தவற்றை இன்னும் சில நாள் தாயோடு இருக்க விடலாம். ஆனால் 28ஆம் நாளைத் தாண்டி ஆண் குட்டி ஒன்றுகூடத் தாயோடும் தங்கைகளோடும் இருக்கக் கூடாது. ஐந்து வாரத்தில் சினையாக்கிவிடும் ஆண்கள் உண்டு.

முலைக்காம்பு பார்க்கும் நாளைத் தவறவிட்டவர்கள் இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள தூரம் ஆணுக்குப் பெண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒப்பிட்டால்தான் தெரியும். பிரித்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு தப்பு எண்ணிக்கையை இரண்டு மாதத்தில் கைமீறச் செய்யும்.

நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். தாய் யார், தந்தை யார், ஆணை விட்ட நாள், எடுத்த நாள், ஈன்ற நாள், பிறந்தவை எத்தனை, மூன்று வாரத்தில் இருப்பவை எத்தனை, நிறம், குணம், குட்டி யாரிடம் போனது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற சிற்றூரில் ஆபி லாத்ராப் என்ற பெண்மணி இருந்தார். ஆசிரியையாக இருந்து, கோழிப் பண்ணை வைத்து நஷ்டப்பட்டு, 1900 வாக்கில் செல்லப்பிராணியாக விற்கச் சுண்டெலி வளர்க்கத் தொடங்கியவர். பல்கலைக்கழக வேலையோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இல்லை. எந்தச் சுண்டெலி எதன் குட்டி, எதற்குக் கட்டி வந்தது என்று விடாமல் எழுதிவைத்தார். சில வம்சங்களில் மட்டும் கட்டி மிகுதியாக வருவதை அவர் கவனித்து, லியோ லோப் என்ற நோயியல் அறிஞரோடு சேர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் கறுப்புச் சுண்டெலி இனத்தின் பெயரில் உள்ள 57 என்ற எண், அவருடைய பண்ணையிலிருந்து போன ஒரு பெட்டையின் எண். வீட்டில் வளர்ப்பவர் எழுதும் குறிப்புக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நிறத்தையும் நோட்டுத்தான் சொல்லித்தரும். வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தால் வெள்ளையே பிறக்கும். வெள்ளைக்குக் கறுப்பு சேர்த்தால் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெள்ளை என்பது தனக்கு அடியில் உள்ள நிறத்தை மூடிய திரை. என் வெள்ளை ஆணுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் பிறந்தவை எல்லாம் காட்டுச் சுண்டெலியின் பழுப்பு நிறத்தில் இருந்தன. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறச் சுண்டெலி கிடைத்தால் மஞ்சளோடு மஞ்சளைச் சேர்க்காதீர்கள். பிரான்ஸின் லூசியன் கெனோ 1905இல் இந்த மஞ்சளின் கணக்கு மட்டும் மெண்டலின் மரபு விதிக்குப் பொருந்தாததைக் கண்டார். இரு பக்கமும் மஞ்சள் மரபணுவைப் பெறும் கரு, அதாவது நான்கில் ஒன்று, வயிற்றிலேயே அழிந்துவிடுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. மஞ்சளுக்குக் கறுப்போ பழுப்போ சேருங்கள்.

அண்ணன் தங்கையை இணைசேர்ப்பது ஒருமுறை நடந்தால் குடிமுழுகிப் போகாது. தொடர்ந்து செய்தால் ஈற்று 9இலிருந்து 6, 4 என்று இறங்குவதை நோட்டிலேயே பார்ப்பீர்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஆணைக் கொண்டுவாருங்கள். வரும் ஆணுக்கும் அதே மூன்று வாரத் தனியறைதான்.

அடுத்த ஈற்றுக்குப் பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான நிறத்தை இரண்டாவதாக வையுங்கள். பிறந்த குட்டி எல்லாவற்றையும் வளர்த்து ஆளாக்கிய தாயின் மகள், மூச்சு தெளிந்தது, கையில் ஏறி அமர்வது முதலில் வரட்டும்.

அடுத்த முறை

குட்டிகளைப் பிரித்த பிறகு தாய்க்கு மூன்று வாரமாவது ஓய்வு கொடுங்கள். பழைய எடைக்கு வந்து, ரோமம் பளபளத்த பிறகுதான் அடுத்தது. ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் மூன்று, அதிகம் போனால் நான்கு ஈற்று. எட்டு ஒன்பது மாதம் ஆனதும் நிறுத்திவிடுகிறேன். ஒன்றரை முதல் இரண்டு வருடம் வாழும் உயிர் அது. அதன் மீதி நாட்களும் நம் பொறுப்பு. ஓய்வு பெற்ற பெட்டைகளைப் புதிதாகப் பால் மறந்த பெண் குட்டிகளோடு விட்டால், அவற்றை நக்கிச் சுத்தம் செய்து, ஒரே சிரட்டைக்குள் அடுக்கிப் படுத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை ஆணை விடுவதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, குட்டி கேட்டவர்களின் பெயரை எண்ணுங்கள். காலியாக இருக்கும் கூண்டுகளையும் எண்ணுங்கள். இரண்டையும் கூட்டினால் எட்டுக்குக் கீழே வந்தால் இந்த மாதம் விட வேண்டாம். ஆணுக்கு ஒரு சக்கரமும் கிழிக்க இரண்டு தாளும் போட்டு வையுங்கள்.